படுவான்கரைக்கு பஸ்ஸிலும் பாதையிலும் ஐந்து வாரம்

ஸ்கூட்டி பழுதாகி, அதற்கான சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று கராஜ்காரத் தம்பி சொன்னதில் தொடங்கியது இது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஐப்பசி தொடங்கியதிலிருந்து கார்த்திகை பிறந்து சில நாள் வரை நான் வேலைக்குப் போனதும் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனதும் எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸிலும் மண்டூர் - குருமண்வெளிப் பாதை என்கிற ஆற்று மிதவையிலும்தான். புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடைக்கு ஒரே நாளில் இருபது பேர் கருத்து எழுதுகிறார்கள். தினமும் ஏறி இறங்கும் பஸ்ஸைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் நானே எழுதுகிறேன். எந்த டிப்போ, எந்த இலக்க பஸ் என்பதை விட்டுவிடுகிறேன். ஒரு டிரைவரையோ கொண்டக்டரையோ மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. ஊர்ப் பெயரும் வேண்டாம், வெல்லாவெளிப் பக்கம் தெரிந்தவர்கள் படித்துக்கொண்டு போகும்போதே பிடித்துவிடுவார்கள்.

வெளியூர்க்காரருக்கு இடத்தைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தை வடக்குத் தெற்காகப் பிளந்துகொண்டு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமான ஒரு வாவி கிடக்கிறது. புத்தகத்தில் அது வாவி, எங்கள் வாயில் ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. பெரிய வீதி, டவுன், வங்கி, பெரிய ஆஸ்பத்திரிகள், விஞ்ஞானப் பிரிவு உள்ள பள்ளிக்கூடங்களில் முக்கால்வாசி எழுவான்கரையில். வயல், குளம், எருமைப்பட்டி, யானை எல்லாம் படுவான்கரையில். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி என்று மூன்று பிரதேச செயலகங்களுக்குள் அடங்குகிற ஊர்கள். மாவட்டத்துக்குச் சோறும் தயிரும் கொடுக்கிற கரை இது. ஆனால் ஒரு காய்ச்சல் குளிசை தாண்டி ஏதாவது வேண்டுமென்றால் ஆற்றைக் கடக்க வேண்டும்.

கடக்கிறதுக்கு இரண்டு வழி. பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம், அல்லது மண்டூர்த் துறையில் பாதை ஏறி நேரே குருமண்வெளியில் இறங்கலாம். பாதை என்றால் இங்கே வீதி என்று அர்த்தமில்லை, ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும் தட்டையான மிதவை. வடக்கே மண்முனையிலும் முன்பு பாதைதான் இருந்தது, 2014 ஏப்ரலில் யப்பான் உதவியில் கட்டிய 210 மீற்றர் பாலம் திறந்த பிறகு அங்கே அது நின்றுவிட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பாலம் எவ்வளவு பெரிய விடுதலை என்று அவர்களிடமே கேளுங்கள். என் பெரியம்மா மகள் அங்கே கலியாணம் கட்டிப்போனவள், பாலம் வருவதற்கு முன் வயிற்று வலிக்காரரைத் துறையில் வைத்துக்கொண்டு அக்கரையில் நிற்கும் பாதையைக் கூப்பிட்ட கதையை இன்றைக்கும் கண் கலங்கச் சொல்வாள்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஊருக்குள்ளிருந்து ஒரு பஸ் வெளிக்கிடும். வெல்லாவெளி, போரதீவுப் பக்கம் எல்லாம் சுற்றி, பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிக்குடி போகும். பகல் ஒன்று வரும், அது பெரும்பாலும் ஊருக்குள் வராது, சந்தியோடு திரும்பிவிடும். பின்னேரம் நாலரைக்குக் களுவாஞ்சிக்குடியிலிருந்து திரும்பும் பஸ்தான் கடைசி. அதை விட்டால் ஓட்டோ, இல்லையென்றால் தெரிந்தவர் மோட்டார் சைக்கிள்.

காலை பஸ்ஸைப் பற்றி நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது உண்மையிலேயே நிறைய இருக்கிறது. டிரைவர் நிதானமான மனிதர். சந்தியிலிருந்து ஊர் மட்டும் மூன்று கிலோமீற்றர் கிறவல் வீதி. மழை பெய்தால் அந்தக் கிறவல் கரைந்து அடியில் கிடக்கிற கல்லெல்லாம் பல்லுப் போல மேலே வந்துவிடும், அந்த இடத்தில் அவர் பஸ்ஸை எப்படி இறக்கி எப்படி ஏற்றுகிறார் என்று முன் சீற்றில் இருந்து பார்த்தால் தெரியும். கொண்டக்டர் எங்கள் ஊர் ஆட்கள் எல்லாருக்கும் உறவுமுறை வைத்திருக்கிறார். முதல் நாள் நான் ஏறினதும் "ஸ்கூட்டிக்கு என்ன புள்ள நடந்தது?" என்று கேட்டார். தயிர் முட்டி கொண்டுவருகிற பெத்தா ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியிருக்கும். அவருடைய முட்டிகளை வைக்கோல் திரணை போட்டு எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அடுக்கி, குழியில் பஸ் குலுங்குகிற இடம் வந்தால் தன் காலை முட்டுக்கொடுத்து நிற்பார் அந்தக் கொண்டக்டர். ஒரு கையில் டிக்கெட் மெஷின், ஒரு கை மேலே கம்பியில், கால் தயிர் முட்டியில். ஐந்து வாரத்தில் ஒரு முட்டிகூட உடையவில்லை. இப்படி ஒரு சேவையை எந்தக் கட்டணத்தில் சேர்ப்பது?

ஆனால் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கு வீதிக்கு வரவேண்டும், அங்கேதான் யானை. எங்கள் ஊருக்கு மேற்கே, 40ஆம் கிராமம் போன்ற கொலனிகளின் பக்கத்தில் யானை இறங்காத மாதம் இல்லை. நெல் குடலை தள்ளும் காலத்திலும் அறுவடை முடிந்து நெல் வீட்டுக்குள் வந்த பிறகும் எங்கள் பக்கமும் வரும். இருட்டில் தனியாக வீதிக்குப் போக யாருக்கும் துணிவு இல்லை. அதனால் மேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, முன்னால் ஒருவர் டோர்ச் அடித்துக்கொண்டு, பின்னால் யாராவது ஒரு ஆண்பிள்ளை யானை வெடியைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். முதல் நாள் யானை வந்து வேலியை முறித்திருந்தால் அடுத்த நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் பஸ்ஸுக்கு வரமாட்டார்கள். பஸ்ஸில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: இன்றைக்கு அந்தத் தரிப்பில் ஆள் இல்லை.

இந்த 'ஆள் இல்லை' என்பதைத்தான் இந்த ஐந்து வாரமும் நான் அதிகம் கேட்டேன். பகல் பஸ் ஏன் ஊருக்குள் வருவதில்லை, ஆள் இல்லை. சனி, ஞாயிறு காலை பஸ் ஏன் வருவதில்லை, ஆள் இல்லை. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை பஸ் வரவே இல்லை. ஏழு மணி மட்டும் புளியமரத்தடியில் நின்றோம், பதினொரு பேர். அதில் மூன்று பேர் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள், வெள்ளைச் சட்டையைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு அம்மாவுக்குக் கிளினிக், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற திகதி. யாரோ ஒருவர் கொண்டக்டருக்கு ஃபோன் எடுத்தார். பஸ் பழுதாம், மாற்று பஸ்ஸை வேறு ஒரு ரூட்டுக்குப் போட்டுவிட்டார்களாம், அங்கேதான் ஆள் அதிகமாம்.

"அப்ப நாங்க ஆள் இல்லையா கா?" என்று அந்தத் தயிர்ப் பெத்தா என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் பக்கத்தில் ஆறு முட்டி தயிர் இருந்தது. வெயில் ஏறினால் புளித்துவிடும்.

அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் எத்தனை ஆள்? ஜீ.எஸ். (கிராம சேவகர்) அலுவலகப் பதிவில் ஒரு தொகை இருக்கும், வாக்காளர் இடாப்பில் ஒன்று, இரவில் ஊருக்குள் படுத்துத் தூங்குகிறவர்கள் என்று எண்ணினால் இன்னொன்று. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஊர்கள் படுவான்கரை முழுக்க இருக்கின்றன. ஒரு வீட்டில் மகன் கட்டாரில், மருமகள் குவைத்தில், பேரப்பிள்ளைகள் இரண்டும் அம்மம்மாவோடு. அடுத்த வீட்டில் மகள் கட்டுநாயக்காவில் கார்மென்ட்சில். அதற்கடுத்த வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டும் கொழும்பில் கட்டட வேலை. பெயர் எல்லாம் ஊரில், ஆள் வெளியில்.

மாவட்டத்தையே எடுத்தால், 1981 கணக்கெடுப்பில் மட்டக்களப்பில் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர். அதற்குப் பிறகு சண்டை. 2001இல் நாடு முழுக்க எண்ணினார்கள், எங்கள் மாவட்டத்தை முழுசாக எண்ண முடியவில்லை. அப்புறம் 2012இல்தான் ஒழுங்காகக் கணக்கு வந்தது, 5 இலட்சத்து 26 ஆயிரம் அளவில். முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்களின் சரியான தலைக்கணக்கே இல்லாமல் போனது. அந்த முப்பத்தொரு வருடத்துக்குள் எத்தனை தடவை மூட்டை கட்டினோம்! 2007இல் படுவான்கரையிலிருந்து சனம் ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடியது. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை, அந்த மாசிப் பங்குனி வெயில் இன்றைக்கும் ஞாபகம். திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். சிலர் அக்கரையிலேயே காணி வாங்கிக்கொண்டார்கள், பிள்ளைகளின் படிப்பைக் காரணம் சொல்லி. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இந்த மொத்தத் தொகையை விட முக்கியமானது யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்பது, நான் சொல்லவேண்டியதும் அதுதான். ஊரை விட்டுப் போகிறவர்கள் இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர், மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்தவர்கள், பஸ் இல்லாவிட்டாலும் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடக் கூடியவர்கள். மிஞ்சுவது வயதானவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தைக்காரர், கால் ஏலாதவர்கள். ஆயிரம் பேர் இருந்த ஊரில் ஐந்நூறு பேர் மிஞ்சினால் பஸ் தேவை பாதியாகக் குறையும் என்று கணக்குப் போடுவது பிழை. அந்த ஐந்நூறு பேரில் பெரும்பகுதி பஸ்ஸைத் தவிர வேறு ஒன்றும் இல்லாதவர்கள். ஆள் குறையக் குறைய ஊருக்கு பஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஸ்கூட்டி ஓடித் திரிந்த ஆறு வருடமும் இது என் கண்ணில் படவே இல்லை. புளியமரத்தடியில் நிற்கிறவர்களை நான் தாண்டிப் போயிருக்கிறேன், தினமும்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு சிற்றூருக்கும் நேரே இத்தனை பேர், பஸ் உண்டா இல்லையா, இல்லையென்றால் பக்கத்து பஸ் 5 கிலோமீற்றருக்குள்ளா, 5இலிருந்து 10க்குள்ளா, 10க்கு மேலா என்று போட்டிருக்கிறது. சனத்தொகையையும் பஸ்ஸையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் நாட்டிலும் ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒரு வரி வேண்டும். ஆனால் அங்கேயும் தலைக்கணக்குதான் வாசலில் நிற்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளி என்றால் 500 பேர் இருக்கும் குடியிருப்பு, மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதி என்றால் 250 பேர் என்று எல்லை வைத்தார்கள். 500 தலை இருந்தால் வீதி. 480 தலை உள்ள ஊர்க்காரருக்கு என்ன சொல்வது? மலைப் பக்கத்துக்கு எல்லையைப் பாதியாக இறக்கினார்களே, அந்த நியாயம் எனக்குப் புரிகிறது, கடக்கக் கஷ்டமான இடத்தில் குறைந்த தலைக்கும் வீதி வேண்டும் என்பதுதான் அது. ஆறு குறுக்கே கிடக்கிற எங்களுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

எங்கள் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. வருமானம் வராத கிராம பஸ் ரூட்டுகளுக்கு மானியம் கொடுத்து பஸ் ஓட்ட 'கெமி சரிய', பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 'சிசு சரிய' என்று தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் ஏற்பாடுகள் இருக்கின்றன. அதாவது, சில ரூட்டுகளில் காசு வராது, வராவிட்டாலும் ஓடத்தான் வேண்டும் என்று அரசே ஒத்துக்கொண்ட விஷயம் இது. அப்படியிருக்க 'ஆள் இல்லை' என்பது முழுப் பதிலாகாது.

இனி பாதை.

பஸ் வராத அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு மாமாவின் ஓட்டோவில் மண்டூர்த் துறைக்குப் போய்ப் பாதை ஏறினோம். ஆறு வருடத்துக்குப் பிறகு நான் பாதை ஏறியது அன்றைக்குத்தான். காலை ஏழரை. ஆறு கண்ணாடி போலக் கிடந்தது. மோட்டார் சைக்கிள்கள் முதலில், பிறகு சைக்கிள்கள், கடைசியில் நடந்து வருகிறவர்கள் என்று ஒழுங்காக ஏற்றினார்கள். அம்மாவுக்கு முழங்கால் மடக்க ஏலாது. இறங்குபலகைக்கும் கரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அங்கே வேலை செய்கிற பையன் ஒருவன் தண்ணீருக்குள் இறங்கி நின்று, "என்ட தோளப் பிடிங்க அம்மா" என்று சொல்லி அம்மாவை ஏற்றிவிட்டான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுடைய களிசான் முழங்கால் மட்டும் நனைந்திருந்தது. அக்கரையில் இறங்கும்போதும் அதே போல.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் குருமண்வெளி. பஸ்ஸில் சுற்றிப் போனால் ஒன்றேகால் மணித்தியாலம் போகிற இடத்துக்கு, துறையில் காத்திருந்தது, அக்கரையில் ஓட்டோ பிடித்தது எல்லாம் சேர்த்து முக்கால் மணித்தியாலத்தில் போய்விட்டோம். கிளினிக் நம்பரும் கிடைத்தது. ஆற்றுக்காற்று முகத்தில் பட அம்மா அன்றைக்குப் பேசிக்கொண்டே வந்தார். தன் சின்ன வயதில் மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு எழுவான்கரைச் சனம் இந்தத் துறையில் வந்து இறங்கியதை, தீர்த்தத்தன்று தோணி, வள்ளம், பாதை என்று ஆறே தெரியாமல் கிடந்ததை எல்லாம் சொன்னார். ஆவணியில் இப்போதும் அப்படித்தான் சனம் வரும். சின்னக் கதிர்காமம் என்று சும்மா பெயர் வரவில்லை. அந்த நாட்களில் இந்தத் துறையில் நிற்பவர்களை யாரும் 'ஆள் இல்லை' என்று சொல்லமுடியாது.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாதையால்தான் போனேன். பஸ்ஸையும் பாதையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நேரத்துக்குப் பாதை, மழைக்கு பஸ். காற்று எழும்பினால் பாதை ஓடாது, ஓடவும் கூடாது. கார்த்திகை பிறந்ததும் மழை இறுகி ஆற்றில் தண்ணீர் ஏறியது. ஒரு நாள் பாதியிலே காற்று மாறி, மிதவை ஒரு பக்கம் சரிந்து திரும்ப நிமிர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஏறியிருந்த எல்லாரும் ஒரு நொடி பேச்சை நிறுத்திவிட்டார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்களே, அது எங்கள் எல்லாருக்கும் அந்த நொடியில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கிழக்கில் எந்தப் பாதையாக இருந்தாலும் ஏறுகிறவர்களின் எண்ணிக்கைக்கு உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும், சின்னப் பிள்ளைகளின் அளவில் தனியாக இருக்கவேண்டும், அதைப் போடாமல் யாரையும் ஏற்றக்கூடாது. இதைக் கெஞ்சியே கேட்கிறேன். போடச் சொன்னால் வெட்கப்படுகிற பெரியவர்களும் தயவுசெய்து போடுங்கள், உங்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் போடும்.

தெற்கால் போகலாமே என்று சிலர் கேட்பார்கள், நாவிதன்வெளியால் கல்முனைக்கு. கோடையில் போகலாம். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால் அம்பாறைப் பக்கமும் அடைபட்டுவிடும். அதே மாவட்டத்தில் 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த மெசின் (உழவு இயந்திரம்) பெட்டியோடு கவிழ்ந்ததை யாரால் மறக்கமுடியும்? பஸ் ஓடாத இடத்தில் சனம் எதில் ஏறுகிறது என்பதற்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை அது. அந்த வீதியைப் பத்திரிகையில் படம் பார்த்தபோது என் கை நடுங்கியது, ஏனென்றால் நானும் சின்ன வயதில் வெள்ளத்துக்குள் மெசின் பெட்டியில் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போனவள்தான்.

ஓட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஊரிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு ஒரு தரம் ஓட்டோ பிடிக்கிற காசு, கூலிக்குப் போகிற ஒரு பெண்ணின் ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும். ஓட்டோக்காரரைக் குறை சொல்ல ஏலாது, பெற்றோல் விலை அப்படி. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்ப சைக்கிளுக்கும் பாதைக்கும் வந்தார்கள். அந்த மாதங்களில் காலை பஸ்ஸில் கால் வைக்க இடம் இல்லை. கியூ.ஆர். பங்கீடு வந்து பெற்றோல் சீரானதும் மோட்டார் சைக்கிள்காரர் இறங்கிவிட்டார்கள், பஸ் திரும்பவும் வெறுமையாகத் தெரிந்தது. வெறுமையாகத் தெரிந்ததே தவிர, முன்பிருந்தே போய்வந்த ஆட்கள் அப்படியே பஸ்ஸில்தான் இருந்தார்கள்.

உயர்தரம் படிக்கிற அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதவேண்டும். மூன்றும் பெண்பிள்ளைகள், விஞ்ஞானப் பிரிவு. பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் கலைப் பிரிவு மட்டும்தான், விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றால் 1ஏபி பாடசாலைக்குப் போகவேண்டும், அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். காலை பஸ் வந்தால் முதல் பாடத்துக்கு முன் போய்விடுவார்கள். பின்னேர ரியூசனுக்கு நிற்க முடியாது, நாலரை பஸ்ஸை விட்டால் வீடு இல்லை. ரியூசன் நாலு மணிக்குத்தான் தொடங்கும். மூன்றில் ஒருத்தி அக்கரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கப்போகிறாள் என்று நாலாவது வாரம் கேள்விப்பட்டேன். அவள் நன்றாகப் படித்து வருவாள், எனக்குச் சந்தோசம். ஆனால் புளியமரத்தடியில் ஒரு தலை குறையும். ஒரு பஸ் நேரம் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் அந்தத் தலை ஊரிலேயே இருந்திருக்கும். ஊரின் சனத்தொகை இப்படித்தான் குறைகிறது, ஒவ்வொரு பிள்ளையாக, ஒவ்வொரு பஸ் நேரமாக.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆசிரியராக, தாதியாக மாற்றம் கிடைத்து வருகிறவர்கள் நிறையப் பேர் அழுதுகொண்டு வருவார்கள், அவர்களை நினைத்து எழுதுகிறேன். காலை பஸ் நம்பலாம், சனி, ஞாயிறு தவிர வராத நாள் ஐந்து வாரத்தில் இரண்டுதான். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கொண்டக்டரின் நம்பரை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் தருவார், பஸ் வராது என்றால் அவரே முதல் நாள் இரவு சொல்லிவிடுவார். பாதைக்குப் போகிறவர்கள் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு போட்டுப் போங்கள். மாரி காலத்தில் பை ஒன்றுக்குள் மாற்று உடுப்பு வையுங்கள். காற்று உரமாக அடித்தால் அவசரம் என்று பாதைக்காரரை ஓடச்சொல்லி நெருக்காதீர்கள். நட்சத்திரம் போடு என்றால் பாதையில் வேலை செய்கிறவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து, காலை பஸ் ஆட்களுக்கும் ஐந்துக்கு ஐந்து. பஸ் நேர அட்டவணைக்கு இரண்டு, அதுவும் காலை பஸ் இருப்பதற்காக.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் புளியமரத்தடியில் யார் யார் நிற்கிறார்கள், எங்கே போகிறார்கள், பஸ் வந்ததா, வராவிட்டால் என்ன செய்தார்கள். அதோடு இன்னொரு பக்கத்தில், வரவேண்டியிருந்தும் வராதவர்கள். இந்தப் பக்கத்தை எழுதத்தான் நேரம் போனது, ஏனென்றால் அவர்களை வீட்டுக்குப் போய்த்தான் கேட்கவேண்டும். சனிக்கிழமை பஸ் இல்லை என்பதால் மாதக் கணக்காகக் கண் காட்டப் போகாத ஐயா ஒருவர். பகல் பஸ் சந்தியோடு திரும்புவதால், தடுப்பூசி போட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீற்றர் கிறவலில் நடந்த தங்கச்சி. யானை வந்த மறுநாள் வேலைக்குப் போகாமல் சம்பளம் போன மூன்று பெண்கள். 'ஆள் இல்லை' என்று எழுதப்பட்ட நாட்களில் இவர்கள் எல்லாரும் ஊரில்தான் இருந்திருக்கிறார்கள்.

ஸ்கூட்டி போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கொப்பியைத் தொடர்ந்து எழுதுகிற பொறுப்பை அந்த மூன்று பிள்ளைகளில் மிஞ்சப்போகிற இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், காலையில் எப்படியும் நிற்கிறவர்கள்தானே. தை மாதம் வரை எழுதிவிட்டு, போட்டோப் பிரதி எடுத்து, பகல் பஸ்ஸை ஊருக்குள் விடவும் பின்னேர பஸ்ஸை ஐந்தரைக்கு மாற்றவும் கேட்டு ஊர் ஆட்களின் கையெழுத்தோடு கொடுக்கப்போகிறோம். தயிர்ப் பெத்தாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல் வைக்கிறேன் என்றார். மையை எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறார், களுவாஞ்சிக்குடிக் கடையில் பார்க்கவேண்டும்.